போறணையடிச் சந்தி

போறணைக்குள் தலையை நுழைத்ததும் முதலில் முகத்தில் வந்து படுவது பழைய கரியின் குளிர்ந்த மணம். செங்கல்லின் ஈரம், கோழி எச்சத்தின் காரம், அடுக்கியிருந்த விறகின் பச்சை வாசனை எல்லாவற்றுக்கும் அடியில், எங்கிருந்து வருகிறதென்று கண்டுபிடிக்க முடியாத ஓர் இனிப்பும் அதில் இருந்தது. வெளியே ஏ-நைன் வீதியின் செம்புழுதி நண்பகல் வெயிலில் மிதந்து, முருங்கையிலைகளின் மேலும் அம்மா காயப்போட்ட துணிகளின் மேலும் படிந்துகொண்டிருக்க, உள்ளே மட்டும் வேறொரு நாட்டின் காலநிலை இருப்பதுபோல் எனக்குத் தோன்றும். முழங்காலில் தவழ்ந்து போய், வளைந்த கூரையைப் பார்த்தபடி மல்லாந்து படுத்து "ஓ" என்று கூப்பிட்டால், என் குரல் உருண்டையாகித் திரும்பி என் நெஞ்சின் மேல் விழும். எனக்கு அப்போது எட்டு வயது. அம்மாவுக்கு அது விறகுக் கொட்டில், கோழிகளுக்குக் கூடு, எனக்கு விளையாட்டு வீடு. பாண் வேகவைப்பதற்காக யாரோ ஒருவர் கட்டிய அடுப்பு அது என்பதை நாங்கள் மூவரும் ஏறக்குறைய மறந்திருந்தோம்.

"போறணை" என்று எங்கள் பக்கத்தில் சொல்வது, பாண் என்ற பேக்கரி ரொட்டி சுடும் அந்தச் செங்கல் அடுப்பைத்தான். சிறிய அறையளவு பெரிதாக, ஆமையோடு போல முதுகு வளைந்து, முன்னால் ஓர் ஆள் குனிந்து நுழையக்கூடிய வாயோடு இருக்கும். எங்கள் வீட்டு வளவில் நின்றதன் முதுகில் ஓர் ஆலங்கன்று முளைத்து என் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. "எங்கள் வளவு" என்று எழுதும்போது இப்போதும் கை சற்றுத் தயங்குகிறது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது, குடாநாட்டின் கடற்கரையோரமாக இருந்த சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு, அம்மாவும் அப்பாவும் சனத்தோடு சனமாகச் சண்டைக்குத் தப்பிக் கிளாலிக் கடலைக் கடந்து வன்னிக்கு வந்தார்கள். அக்கராயன் பக்கத்துக் காட்டோரங்களில் கொட்டில் போட்டும் கழற்றியும் வருடங்கள் கழிந்தன. சமாதானம் வந்து வீதி திறந்ததும், இடிந்துபோன ஒரு நகரத்தில் மேசனுக்கு வேலையில்லாமல் போகாது என்று சொல்லி அப்பா எங்களைக் கிளிநொச்சிக்குக் கூட்டி வந்தார். அப்பா மேசன். சந்தியருகே பற்றையாகக் கிடந்த அந்த நிலத்தை ஒருவரும் வந்து கேட்காததால், வெட்டித் துப்புரவாக்கி, தகரக் கூரை போட்டு, சமைப்பதற்கென்று குசினிக்கு மண்சுவர் வைத்துக் குடியேறினோம்.

நகரம் என்று சொன்னார்களே தவிர, அன்று அங்கே இருந்தவை கூரையில்லாத சுவர்களும், சுவர்களுக்குள் வளர்ந்த மரங்களும், மிதிவெடிக்காகக் கட்டியிருந்த எச்சரிக்கை நாடாக்களும்தான். அதற்குள்தான் ஒவ்வொரு நாளும் ஒரு கடை முளைத்தது. பருத்தித்துறைக்காரர் ஒருவர் வடைக்கடை போட்டார். கடையின் பெயர் பருத்தித்துறை. பக்கத்தில் நெடுந்தீவாரின் தேநீர்க்கடை, பெயர் நெடுந்தீவு. முல்லைத்தீவுக் கருவாடு, கண்டியில் பிறந்த மரக்கறிக்காரி, சாவகச்சேரித் தையற்காரர் என்று, எல்லோரும் தாங்கள் விட்டுவந்த இடத்தைத் தலைக்கு மேல் பலகையில் எழுதி மாட்டிக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்தார்கள். புதிய பலகைகள் எல்லாம் தூய தமிழில் இருந்தன. "குளிர்களி" என்று எழுதிய கடைக்குப் போய் "ஐஸ்கிறீம் தாங்கோ" என்று கேட்பதில் எங்களுக்கு ஒரு தனிச் சந்தோஷம். எங்கள் ஒழுங்கையில், அந்த ஒரு சின்னச் சந்துக்குள் மட்டுமே, நாலைந்து விதத் தமிழ் கேட்கும். மலையகத்திலிருந்து பல காலத்துக்கு முன் வந்து குடியேறிய பாக்கியம் அக்கா "வாங்க" என்பார். கரையிலிருந்து வந்தவர்கள் சொற்களை வலைபோல் வீசி இழுப்பார்கள். அம்மா எல்லோருக்கும் "ஓம், ஓம்" என்பார். "இந்த ரவுணுக்கெண்டு ஒரு முகமில்லை. எல்லாரும் பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்கினம்" என்று அப்பா ஒருநாள் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. நான் அதை அப்படியே நம்பி, எல்லோரையும் ஏற்றிப் போகும் அந்த பஸ் எப்போது வரும் என்று சில நாட்கள் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

ஆனால் எங்கள் சந்திக்கு மட்டும் ஒரு பழைய பெயர் இருந்தது. பஸ் கொண்டக்டர்கள் "போறணையடி, போறணையடி" என்று கத்துவார்கள். வீதியிலிருந்து பார்த்தால் போறணை தெரியாது, பற்றை மறைத்திருக்கும். பாண் வாசம் இல்லை, பேக்கரி இல்லை, அதை நடத்தியவரைப் பற்றிக் கேட்டால் பெரியவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள். நான் பிறப்பதற்குச் சில வருடங்கள் முன்பு, வடக்கிலிருந்த முஸ்லிம் சனங்களை எல்லாம், கையில் கொண்டுபோகக் கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியேறும்படி ஆயுதம் வைத்திருந்தவர்கள் சொன்னார்கள் என்பதும், அவர்கள் அப்படியே போனார்கள் என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிய வந்தது.

அவர்கள் வந்தது ஒரு முற்பகல். நான் முற்றத்தில் இருந்தேன். படலைக்கு வெளியே, வெள்ளைத் தொப்பி போட்ட, நல்ல உயரமான ஒரு மனிதரும், முக்காடிட்ட ஒரு பெண்ணும் நின்றார்கள். குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டார்கள். அம்மா செம்பில் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த மனிதர் செம்பை வாங்கினார், குடிக்கவில்லை. அவருடைய கண் அம்மாவின் தோளைத் தாண்டி, வேலிப் பற்றையைத் தாண்டி, ஆலங்கன்று நின்ற இடத்தில் போய்த் தங்கியது. பின்னால் நின்ற பெண் முக்காட்டின் நுனியை வாயில் அழுத்திக்கொண்டு அழத் தொடங்கினார். அம்மாவுக்கு அந்த நொடியிலேயே விளங்கிவிட்டது. ஒருவரும் ஒன்றும் கேட்பதற்கு முன்பே அவர் சொல்லத் தொடங்கினார்.

"நாங்கள் ஆரையும் கலைச்சுப் போட்டு வரேல்லை. வெறும் காடாக் கிடந்தது. பாம்பும் பத்தையும்தான்."

"நான் ஒண்டும் கேக்க வரேல்லைத் தங்கச்சி," என்றார் அவர். "போறணை இன்னும் நிக்குதெண்டு ஒரு லொறிக்காரப் பெடியன் புத்தளத்தில வந்து சொன்னவன். நம்பேலாமல் கிடந்தது. ஒருக்காப் பாத்திட்டுப் போறம்."

அவருடைய பெயர் ஹனீபா, மனைவி ஜெஸீமா. வாப்பா காலத்திலிருந்து அந்தச் சந்தியில் பாண் போட்டவர்கள். அம்மா வழி விட்டார். அவர் போறணையின் வாயருகே குந்தியிருந்து, உள்ளே கிடந்த விறகையும், முட்டைக்கு இருந்த கோழியையும் பார்த்தார். கோழி அவரைப் பார்த்துக் கோபமாகக் கொக்கரித்தது. அவர் மெல்லச் சிரித்து, அதைக் குழப்பாமல், விரல் கணுவால் செங்கல்லை அங்குமிங்கும் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். கண்கள் மூடியிருந்தன. ஜெஸீமா மாமி கிணற்றடியில் நின்று, கப்பிக் கம்பத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அம்மா குசினி வாசலில் கைகளைக் கட்டிக்கொண்டு, யாராவது ஓர் அடி கூடுதலாக உள்ளே வைத்தால் தடுக்க வேண்டும் என்பதுபோல் நின்றார்.

அப்பா வேலையால் வந்தபோது அவர்கள் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். யார் என்று அறிந்ததும் அப்பா சைக்கிளைச் சாத்திவிட்டு, முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடும் முறையில், "காக்கா, இது உங்கட வளவெண்டால் நாங்கள் எழும்பத்தான் வேணும்" என்றார். அம்மா உள்ளேயிருந்து, வந்தவர்களுக்கும் கேட்கும்படியாகவே, "எங்கை எழும்புறது?" என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். ஹனீபா அவருடைய தோளைத் தொட்டு, "பிறகு கதைப்பம். அவாவை ஒண்டும் சொல்லாதேங்கோ. அந்தக் கேள்வி எங்களுக்கும் தெரிஞ்ச கேள்விதான்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அதன் பிறகு வந்த கிழமைகள் வீட்டில் பேச்சில்லாமல் போயின. இனியொரு தரம் கூரை பிரிக்கத் தன்னால் ஏலாது என்று அம்மா ஒரேயொரு முறை சொன்னார், பிறகு சொல்லவில்லை. சமைத்தார், கூட்டினார், தண்ணீர் அள்ளினார். போறணைப் பக்கம் மட்டும் போகாமல் சுற்றிப் போனார். நான் உள்ளே தவழ்ந்தால், "வெளியில வா. அது எங்கடை இல்லை" என்று அதட்டினார். அதுவரை அவர் ஒருபோதும் அப்படிச் சொன்னதில்லை.

பிறகு ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, அம்மா போறணையின் முதுகில் ஏறி நின்றதைக் கண்டேன். சேலையைத் தூக்கிச் செருகி, கையில் கோடரியோடு, ஆலங்கன்றின் அடியை வெட்டிக்கொண்டிருந்தார். கன்று சாய்ந்ததும் குந்தியிருந்து, செங்கற்களுக்குள் இறங்கியிருந்த வேர்களைக் கத்தி நுனியால், முள் எடுப்பதுபோல் ஒவ்வொன்றாக இழுத்து எடுத்தார். விறகு முழுக்க வெளியே அடுக்கியிருந்தது. உள்ளே கூட்டியிருந்தது. கோழிகள் வீடிழந்து முற்றத்தில் திரிந்தன. அப்பா வந்து, கீழே நின்று கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார்.

"என்னப்பா செய்யிறீர்?"

"வேர் விட்டுப் பிளக்குது," என்றார் அம்மா. "ஆரின்ரை எண்டாலும், ஒராள் கட்டினதை இடிஞ்சு விழப் பாத்துக்கொண்டு இருக்கேலுமே?"

அப்பா சைக்கிளில் ஏறி எங்கோ போய், ஒரு சாக்கு நிறையப் புற்றுமண் கொண்டுவந்தார்.

ஹனீபா மறுபடி வந்தபோது, அவருடைய போறணை தலை மழித்த பிள்ளைபோல் வெயிலில் நின்றது. வெடிப்புகள் புற்றுமண்ணால் பூசியிருந்தன. அவர் அந்தப் பூச்சின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு முற்றத்தில் கதிரை போட்டு நால்வரும் இருந்தார்கள். வீதிப்பக்கம் போறணையும் ஒரு கடையும் அவர்களுக்கு. உள்பக்கம் வீடும் முருங்கையும் எங்களுக்கு. கிணறு எல்லோருக்கும் என்று, தேநீர் ஆறுவதற்குள் முடிவாயிற்று. நடுவில் வேலி போடுவதா என்று அப்பா கேட்டதற்கு, "வேலி போட்டால் கோழிக்கு ஆர் சொல்லுறது?" என்றார் ஜெஸீமா மாமி. அம்மா அன்றுதான் அவர்களுக்கு முன்னால் முதன்முதலாகச் சிரித்தார்.

ஈரம் பிடித்திருந்த அடுப்பை உடனே சூடாக்கக் கூடாதாம். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக நெருப்பை வளர்த்தார்கள். முதுகிலிருந்து நீராவி எழும்பி, முருங்கைக்கு மேலே மெல்லிய முகிலாக நின்றது. ஒழுங்கைச் சனம் வந்து வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. பூசிய வெடிப்பு ஒன்று திரும்பவும் வாய் திறக்க, அப்பா வேலைக்குப் போகாமல் நின்று பூசினார். அது மறுபடி திறக்க, மறுபடி பூசினார். கடைசியில், ஒரு விடிகாலையில் முதல் பாண் வந்தது. ஹனீபா காக்கா நீளமான மரத்துடுப்பை உள்ளே விட்டு இழுக்க, பொன்னிற முதுகோடு வரிசையாக வந்த பாண்களைப் பார்த்துப் பாக்கியம் அக்கா "அடி ஆத்தே" என்றார். அந்த வாசம் ஒழுங்கையில் நுழைந்து, வீதியைக் கடந்து, பஸ்ஸுக்கு நின்றவர்களை ஒருவர் பின் ஒருவராகத் திரும்பிப் பார்க்க வைத்தது. நான் என்னுடைய துண்டைத் தின்னாமல் வெகுநேரம் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். அதன் சூடு ஓர் உயிருள்ள பிராணியின் சூடுபோல் இருந்தது.

கடைக்கு முன்னால் சட்டப்படி "வெதுப்பகம்" என்று பலகை தொங்கியது. ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை. எனக்கு இன்றும் அந்த வருடங்கள் அரைத் தூக்கத்தில் கண்டவைபோலவே இருக்கின்றன. விடிவதற்கு முன் சுவருக்கு அப்பால் மா அடிக்கும் சத்தம், விறகு வெடிக்கும் சத்தம், ஹனீபா காக்கா மெல்லிய குரலில் ஓதும் சத்தம் எல்லாம் சேர்ந்து என் போர்வைக்குள் வரும். அப்பா அவரைக் காக்கா என்றதால் நான் "காக்கா மாமா" என்றேன். அப்படி ஓர் உறவுமுறை உலகத்தில் இல்லை என்று அவர் சிரிப்பார். காலையில் அச்சுப்பாண், பின்னேரம் பணிஸ் என்ற இனிப்புப் பன். பணிஸ் மணத்துக்குப் பள்ளிக்கூடம் விடும். பள்ளிக்கூட மணி அதற்குப் பிறகுதான் அடிக்கும் என்று எங்களுக்குத் தோன்றும். நோன்புக் காலத்தில் ஜெஸீமா மாமி கஞ்சி தருவார். அதில் இறைச்சி போடாமல் எங்களுக்கென்று ஒரு சட்டி தனியாக வெள்ளிக்கிழமைகளில் வரும். துணியில் புகை படிகிறதென்று அம்மா கோபித்துக்கொள்வதும், கிணற்றடியில் வாழைக்குட்டி வைத்ததற்கு மாமி கோபித்துக்கொள்வதும், இருவரும் இரண்டு நாள் பேசாமல் இருந்து, மூன்றாவது நாள் ஒரே வாளியில் தண்ணீர் அள்ளுவதும் நடக்கும். கோழிகள் மட்டும் கடைசிவரை ஒப்பந்தத்தை ஏற்கவில்லை. ஒவ்வொரு மாலையும் சூடு தணிந்த போறணை வாசலில் வந்து வரிசையாக நின்றன.

மார்கழியில் கடல் கரையோர ஊர்களுக்குள் வந்த அன்று, முதலில் எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. முல்லைத்தீவு வீதியால் வாகனங்கள் ஹோர்ன் அடித்தபடி வந்தன. ஈரமான, சேறு அப்பிய, சத்தமில்லாத மனிதர்களை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுத் திரும்பி ஓடின. கரையிலிருந்து வந்து எங்கள் ஒழுங்கையில் இருந்தவர்கள் வீதியில் நின்று, ஒவ்வொரு டிரக்டரையும் மறித்துப் பெயர் சொல்லிப் பெயர் சொல்லிக் கேட்டார்கள். ஹனீபா காக்கா அந்த டிரக்டர்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய், இருந்த மா மூடை எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டார்.

"இருக்கிற கையெல்லாம் வரட்டும்," என்று மட்டும் சொன்னார்.

அம்மா முதலில் போனார். பாக்கியம் அக்கா, தையற்காரரின் மனைவி, நெடுந்தீவார், பெயர் தெரியாத பஸ் பயணிகள் என்று, இடம் போதாமல் எங்கள் முற்றத்திலும் பாய் விரித்துப் பலகை வைத்து மா குழைத்தார்கள். அப்பா விறகு பிளந்தார். பாண் வெளியே வர வர, வாழையிலையிலும் சேலைத்துண்டிலும் சுற்றி, டிரக்டர்களில் ஏற்றினார்கள். அன்றும் மறுநாளும் அடுப்பு ஆறவில்லை. ஒருவரும் யாருக்கும் கட்டளை இடவில்லை. ஒருவருடைய கை ஓய, இன்னொருவருடைய கை அதே மாவுக்குள் இறங்கியது. என் வேலை இலை துடைப்பது. புகையும் மாப்பொடியும் நிறைந்த அந்த வெளிச்சத்தில், தெரிந்த முகங்கள் எல்லாம் வெள்ளையாகி, யார் எந்த ஊர் என்று சொல்ல முடியாதபடி ஆகியிருந்தன.

அடுத்த நாள் மாலை, டிரக்டர்காரர் ஒருவர் வெறும் பெட்டியோடு திரும்பி வந்து, கிணற்றடியில் முகம் கழுவினார். யாரிடமும் இல்லாமல், கழுவிக்கொண்டே சொன்னார்: "கோயிலடியில இருந்த சனம் கேட்டது, இது எங்கத்தைய பாண் எண்டு. நான் கிளிநொச்சிப் பாண் எண்டு சொன்னன்."

குழைத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். அப்பா கோடரியை ஊன்றிக்கொண்டு நின்றார். அதுவரை அந்த ஊரின் பெயரைப் பஸ் பலகையிலும் செய்தியிலும்தான் கேட்டிருந்தோம். தங்கள் கையால் ஆன ஒன்றின்மேல் அந்தப் பெயர் விழுந்ததை அவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள் என்று நினைக்கிறேன். நெடுந்தீவார்தான் முதலில் மாவுக்குள் கையை இறக்கி, "சரி சரி, மா காயுது" என்றார்.

பிறகு நாட்கள் கெட்டன. சமாதானம் என்ற சொல் இருந்தது. அதற்குள் இருந்தது போய்விட்டது. மகளின் முதல் பிள்ளைப்பேற்றுக்காகக் காக்கா மாமாவும் மாமியும் புத்தளத்துக்குப் புறப்பட்டபோது, சில கிழமையில் திரும்புவதாகத்தான் சொன்னார்கள். படலையில் நின்று அவர் அம்மாவிடம், "போறணையைக் குளிர விட்டிடாதேங்கோ தங்கச்சி. ஈரம் பிடிச்சால் வெடிச்சுப் போடும்" என்றார். அவர்கள் போனபின் பாதைகள் ஒவ்வொன்றாக மூடின. அனுமதி இல்லாமல் வர முடியாது, அனுமதி கிடைக்கவில்லை. மா வருவது குறைந்தது, பிறகு நின்றது. அம்மா கிழமைக்கு ஒருமுறை வெறும் போறணையில் நெருப்பு மூட்டினார். விறகுக்கே தட்டுப்பாடாக இருந்த காலத்தில் இது என்ன விசர் வேலை என்று சொன்னவர்கள் உண்டு. அம்மா சுள்ளிகளை அடுக்கி, ஊதி, வாயருகே குந்தியிருந்து, நெருப்பு தானாக அணையும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். மாலையில் அந்தச் சூட்டுக்குக் கோழிகள் வரும்.

நகரத்தை விட்டுப் போக வேண்டி வந்த அன்று காலையும் மூட்டினார். செல் விழும் சத்தம் பரந்தன் பக்கமிருந்து நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா தகரங்களைக் கழற்றி டிரக்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார். "இண்டைக்குமா?" என்று அப்பா கேட்டார். "இண்டைக்குத்தான் முறை" என்றார் அம்மா. நாங்கள் வீதிக்கு ஏறித் திரும்பிப் பார்த்தபோது, ஆளில்லாத வளவில், புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

அதன் பிறகு வந்த மாதங்களைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. கடைசிக் கரைவரை நாங்கள் மூவராகப் போனோம். வவுனியா முகாமுக்கு வந்தபோது நானும் அம்மாவும் இருவர்.

முகாமிலிருந்து விட்டபின் கிளிநொச்சிக்கு வந்து பார்த்தால், போறணை இருந்த இடத்தில் செங்கல் குவியலும் நாயுருவியும். சில மாதம் கழித்து ஹனீபா காக்காவும் வந்தார். தாடி முழுக்க வெள்ளை. அப்பாவைப் பற்றி அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். குவியலுக்கு முன்னால் அம்மாவைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய காணி உறுதிப் பத்திரம் வெளியேறிய காலத்திலேயே தொலைந்திருந்தது. காணி அலுவலகத்தில், பழைய ஆட்கள் யாராவது வந்து சொன்னால் நல்லது என்றார்களாம். பழைய ஆட்கள் என்று மிஞ்சியிருந்தது அம்மாதான்.

நானும் கூடப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நல்ல மனிதர். அம்மாவின் விபரங்களைக் கேட்டுவிட்டு, பரிவோடுதான் சொன்னார்: "அம்மா, நீங்கள் கன வருசம் குடியிருந்த காணி. அவரும் இல்லாமல் தனிய நிக்கிறியள். உங்கட பேருக்கே கேக்கலாமே?"

"இருந்தனான்தான் ஐயா," என்றார் அம்மா. "காணி காக்காவின்ரை. நான் வரேக்கையும் அவரின்ரை போறணை நிண்டது."

வெளியே வந்ததும் ஹனீபா காக்கா தண்ணீர்க் குழாயடிக்குப் போய், முகத்தைக் கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். பிறகு வந்து, உள்பக்கத்தில் முன்பு போல் வீடு போட்டுக்கொண்டு இருக்கும்படி கெஞ்சினார். அம்மா மறுத்துவிட்டார். "அந்த முத்தத்தில நிண்டால் எனக்கு இவரைத் தேடும் காக்கா. வேண்டாம்." எங்களுக்கு நகரத்தின் ஓரத்தில், வீட்டுத்திட்டத்தில் ஒரு வீடு கிடைத்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறோம்.

ஹனீபா காக்கா திரும்பவும் போறணை கட்டவில்லை. உடம்பில் பலமில்லை, பிள்ளைகளுக்கு அந்த வேலையில் விருப்பமில்லை. காணியை வாடகைக்குக் கொடுத்தார்கள். அங்கே இப்போது கண்ணாடிச் சுவரோடு ஒரு வங்கி நிற்கிறது. சந்தியை இளம் ஆட்கள் "பாங்கடி" என்கிறார்கள். ஏ-நைன் வீதி கறுப்பாக, வழவழவென்று, புழுதியில்லாமல் ஓடுகிறது. பாண் வவுனியாவிலிருந்து ஆட்டோவில் பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிறது. பருத்தித்துறை, நெடுந்தீவு என்ற பலகைகளும் இல்லை. அவரவர் ஊர்களுக்குத் திரும்பினார்கள், வெளிநாடு போனார்கள், பலர் இல்லாமல் போனார்கள். பாக்கியம் அக்காவைத் தேடி நான் கேட்காத ஆளில்லை. நல்ல நகரம்தான், தண்ணீர் வருகிறது, விளக்கு எரிகிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள். அதன் நடுவே நடக்கும்போது, எனக்குத் தெரிந்த ஒருவரின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வேறொருவர் போவதைப் பார்ப்பதுபோல் சில நேரம் இருக்கும்.

சென்ற வருடம் ஹனீபா காக்கா காலமாகிவிட்டார் என்று செய்தி வந்தது. அம்மாவும் நானும் பஸ் மாறி மாறிப் புத்தளத்துக்குப் போனோம். அம்மா அந்தப் பக்கம் போனது அதுதான் முதல் தடவை. கையிலிருந்த விலாசத்தில் இருந்த பகுதி பெரிதாக இருந்தது. உப்புக் காற்று, நெருக்கமான வீடுகள், குறுக்கும் மறுக்குமாக ஒழுங்கைகள். "பாண் போட்ட ஹனீபா காக்கா வீடு" என்று கேட்டோம். ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு சில்லறைக்கடைப் பெண், சாமான் கட்டிக்கொண்டிருந்தவர், எங்கள் பேச்சைக் கேட்டு நிமிர்ந்தார்.

"மவுத்தான கிளிநொச்சியார் வீட்டத் தேடுறீங்களா? அப்படிச் சொல்லுங்களேன். இந்தா, இது கிளிநொச்சியார் ஒழுங்கைதான். நேரே போங்க, பச்சைக் கேட்."

பச்சைக் கேட்டுக்கு முன்னால் நின்று, அம்மா தயக்கத்தோடு "ஜெஸீமாக்கா" என்று கூப்பிட்டார். கணவரை இழந்த பெண்கள் வெளியே வராமல் வீட்டுக்குள்ளேயே தங்கியிருக்கும் இத்தாக் காலம் அது. கதவு திறந்திருந்தது, ஆள் தெரியவில்லை. உள்ளே இருட்டிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"ஆரது? மலரே? எடியே, வெயிலுக்கை நிண்டு என்ன செய்யிறாய்? நான் வெளியில வரேலாது. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு உள்ளை வாவன்ரி."

மாப்பொடி படிந்த அந்தப் பழைய சந்தியில், கிணற்றடியில், இரண்டு நாள் கோபித்துவிட்டு மூன்றாவது நாள் கூப்பிடும் அதே குரல். இப்போது கிளிநொச்சியில் அப்படிக் கூப்பிட எங்களுக்கு ஒருவரும் இல்லை. அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, என்னுடைய கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.